பன்னிரண்டு பாயிண்ட், ஒரே பனி

ரயிலிலேயே கொடைக்கானல் போய்விடலாம் என்று நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். 'கொடைக்கானல் ரோடு' என்று ஒரு ரயில் நிலையம் இருப்பதுதான் காரணம். பெயர்ப் பலகையைப் பார்த்ததும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு இறங்கினால், அம்மையநாயக்கனூர் வெயில் மண்டையைப் பிளக்கும். ஊர் அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ரயில்வேயைக் குறை சொல்லவும் வழியில்லை. பலகையில் ரோடு என்றுதானே போட்டிருக்கிறது? ரோடு இருக்கிறது.

நம் கதாநாயகர் மதுரைக்காரர் என்பதால் இந்தத் தவறைச் செய்யவில்லை. வேறு தவறு செய்தார். (கதாநாயகர் வேறு யாருமில்லை, இதை எழுதுகிறவர்தான். 'அவர்' என்று சொல்லிக்கொண்டால் மானம் கொஞ்சமாவது மிஞ்சும் என்று ஒரு நப்பாசை.) மே மாதம் போனால் கூட்டம் அம்மும், காலாண்டு விடுமுறையில் போனால் ஊரே காலியாக இருக்கும் என்று கணக்குப் போட்டார். கூட்டம் குறைவாகத்தான் இருந்தது. அந்த இடத்தையெல்லாம் பனிமூட்டம் பிடித்துக்கொண்டது.

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவு. நம்மவர் அதைப் போனில் எடுத்து, அச்சிட்டு, அச்சிட்டதை மூன்று நகல் எடுத்து, ஒன்றை மாமியாரிடம் கொடுத்துவைத்தார். மாமியார் அதை மடித்து, புளிசாதப் பொட்டலம் சாயாமல் இருக்க அடியில் முட்டுக்கொடுத்தார். சோதனைச் சாவடியில் காட்டியபோது எண்ணெய் மணந்தது.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். முகர்ந்தால் குமட்டாதாம். ஐந்தாவது வளைவில் பையன் பழத்தோடு சேர்த்துக் குமட்டினான். இந்த ரோட்டைக் குறை சொல்லும் முன்பு ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க மிஷனரிகள் மதுரையின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து ஓடிவந்து, 1845இல் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். மலைச்சாலை போக்குவரத்துக்குத் திறந்ததோ 1916இல். நடுவில் ஒரு எழுபது வருஷம் நடந்தும், குதிரையிலும், ஆள் தூக்கும் நாற்காலியிலும்தான் மேலே போயிருக்கிறார்கள். அதே மதுரைக்காரர் இன்று ஏசி வேனில் உட்கார்ந்து, "ரோடு சரியில்லையே" என்கிறார்.

மறுநாள் காலை உள்ளூர் வேன் ஓட்டுநர் வந்தார். "மொத்தம் பன்னெண்டு பாயிண்ட் சார். எட்டு மணிக்கு எடுத்தோம்னா மூணு மணிக்கு முடிச்சிரலாம்."

கொடைக்கானலில் எல்லாமே பாயிண்ட். பாறை இருந்தால் பாயிண்ட், பள்ளம் இருந்தால் பாயிண்ட், இரண்டும் இல்லாமல் ஒரு பஜ்ஜிக் கடை மட்டும் இருந்தாலும் பாயிண்ட். ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம். ஓட்டுநர் வேனை நிறுத்தி, விரலால் ஒரு திசையைக் காட்டிவிட்டுப் பீடி பற்றவைப்பார். அந்தத் திசையில் போனால் கம்பித் தடுப்பு இருக்கும். அதற்கு அப்பால் வெள்ளை.

பில்லர் ராக்ஸ் என்பது ஏறக்குறைய 400 அடி உயரத்தில் ஒட்டி நிற்கும் மூன்று பெரும்பாறைகள். நானூறு அடி என்றால் சாதாரண உயரமில்லை. மதுரைத் தெற்குக் கோபுரத்தை இரண்டு தடவை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, மேலே இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அவ்வளவு பெரிய பொருளை ஒளித்துவைக்க முடியும் என்பதே அன்றைக்குத்தான் நம்மவருக்குத் தெரிந்தது. தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி ஐம்பது பேர் வெறும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் டீ விற்றவர், "அஞ்சு நிமிஷத்துல விலகிரும் சார்" என்றார். அஞ்சு நிமிடம் காத்திருக்க ஒரு டீ தேவைப்பட்டது. டீ முடிந்ததும் மறுபடி அஞ்சு நிமிடம் என்றார். பனியால் பிழைக்கத் தெரிந்தவர் அந்த மலையில் அவர் ஒருவர்தான் என்று தோன்றியது. பிறகு பசுமைப் பள்ளத்தாக்கிலும் ஒருவர் அதே வாக்கியத்தைச் சொன்னார்.

"மாப்ள, இங்க என்ன தெரியணும்?" என்றார் மாமியார்.

"பாறை அத்தை. மூணு பாறை."

"நம்ம ஆனைமலையில இல்லாத பாறையா?"

குணா குகையில் பனியைக் குற்றம் சொல்ல முடியாது. அங்கே தெரியாமல் இருப்பது நம் நன்மைக்காகத்தான். வெள்ளைக்காரர்கள் பேய்களின் அடுப்படி என்று பெயர் வைத்த இடம் இது. 1991இல் கமல்ஹாசனின் 'குணா' வந்த பிறகு பழைய பெயரை எல்லாரும் மறந்துவிட்டார்கள். 2006இல் கேரளத்திலிருந்து வந்த இளைஞர்களில் ஒருவர் பிளவுக்குள் விழ, நண்பர் ஒருவர் இறங்கி மீட்டார். அந்தக் கதை 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' ஆனது. மலையாளப் படமாக இருந்தும் தமிழ்நாட்டில் ஓடு ஓடென்று ஓடி, கூட்டத்தை மறுபடி குகைப் பக்கம் திருப்பியது. பாதை வேலியோடு முடிந்துவிடுகிறது. குழிக்குள் போக முடியாது. அதற்கு முன்பு, மரவேர்கள் பாம்புபோலப் பின்னிக் கிடக்கும் தரை ஒன்று இருக்கிறது. உண்மையில் பார்க்க வேண்டியது அந்த வேர்களைத்தான். நம்மவர் வேரில் கால் தடுக்கி விழுந்ததால் மிக அருகிலிருந்தே பார்த்தார். மூன்று கல்லூரிப் பையன்கள் ஓடிவந்து தூக்கிவிட்டுவிட்டு, "அங்கிள், நீங்கதான் இன்னைக்கு நாலாவது" என்றார்கள்.

பன்னிரண்டில் வராத ஒரு இடத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஊருக்கு மேலே சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1876–78இன் கொடும் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனில் நடக்கும் மாற்றங்களுக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வியிலிருந்து பிறந்த யோசனை அது. 1899இல் இங்கே அமைந்து, 1901 முதல் சூரியனைப் பார்த்துவருகிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்தது இங்கேதான். இன்றும் அது உலகெங்கும் அவர் பெயரால்தான் அறியப்படுகிறது. நூறு வருஷத்துக்கும் மேலாகச் சேர்ந்த சூரியப் படங்கள் அங்கே இருக்கின்றன. பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பொருளை இந்த ஊரிலிருந்து படம் பிடித்திருக்கிறார்கள். நம்மவரால் நானூறு அடிப் பாறையைப் பிடிக்க முடியவில்லை. "அது பாயிண்ட் இல்ல சார்" என்று ஓட்டுநர் நிறுத்தாமல் போய்விட்டார்.

கோக்கர்ஸ் வாக் 1872இல் கோக்கர் என்ற லெப்டினன்ட் மலை விளிம்பை ஒட்டிப் போட்ட நடைபாதை. ஒரு கிலோமீட்டர் இருக்கும். முதுகுப் பக்கம் வெயிலும் எதிரே பனியும் அமைந்தால், நம் நிழலே வண்ண வளையத்தோடு பெரிய உருவமாகப் பனியில் விழுமாம். இதை நம்மவர் குடும்பத்துக்கு விளக்கிவிட்டுக் கையை விரித்துக்கொண்டு நின்றார். எதிரே பனி இருந்தது. முதுகுப் பக்கமும் பனி இருந்தது. மனைவி, "வேணும்னா டார்ச் அடிக்கவா?" என்று கேட்டார்.

சாயங்காலம் ஏரி. கொடைக்கானல் ஏரி தானாக அமைந்ததல்ல. மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் கரை எழுப்பி உண்டாக்கியது. சுமார் 60 ஏக்கர், நட்சத்திரம்போலக் கைகளை நீட்டிக்கொண்டு கிடக்கும். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தாராம். சாலையே இல்லாத காலத்தில் ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஒரு கடற்கரை ஊரிலிருந்து படகு! அதைத் தூக்கிவந்தவர்கள் மலைக்கு மேலே படகு எதற்கு என்று என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்பதைத்தான் வரலாறு எழுதிவைத்திருக்க வேண்டும். கலெக்டரின் பெயரை மட்டும் எழுதிவைத்திருக்கிறது.

நம்மவரும் மனைவியும் ஏறியது கால்மிதிப் படகு. கல்யாணமான எந்தத் தம்பதியும் அதில் ஏறக் கூடாது. ஒருவர் மிதிக்க, இன்னொருவர் மிதிப்பதுபோல் பாவனை செய்தால், படகு நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். பாவனை செய்தது யார் என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. அரைமணி நேரமும் கரையிலிருந்து முப்பதடி தூரத்திலேயே கழிந்தது. கரையில் மாமியார் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டு, தெரிந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிகாலை தூக்கம் பிடிக்காமல் நம்மவர் தனியாக ஏரிக்கரைக்கு வந்தார். ஆறு மணி. குதிரைக்காரர்கள் இன்னும் குதிரைகளைக் கொண்டுவரவில்லை, வாடகைச் சைக்கிள்கள் சங்கிலியில் கிடந்தன. நீரிலிருந்து மெல்லிய ஆவி கிளம்பி, ஓர் ஆள் உயரத்தில் கலைந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே வானம் பளிச்சென்று இருந்தது. ஏரியைச் சுற்றிய சாலை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். நட்சத்திர வடிவம் என்பதால் அது வளைந்து வளைந்து போகிறது; ஒவ்வொரு வளைவிலும் ஏரி வேறொன்றாகத் தெரிகிறது. ஒரு மீன்கொத்தி, இரண்டு நடைப்பயிற்சிக்காரர்கள், யாரோ ஒருவரின் ரேடியோ. ஒன்றேகால் மணி நேரம் நடந்தார். கட்டணம் இல்லை. அந்த ஊரில் பார்க்கவும் செய்யவும் உள்ள எல்லாவற்றிலும் இதுதான் முதலிடம் என்பது அவர் தீர்ப்பு. ஓட்டுநரின் பட்டியலில் இது இல்லை, ஏனென்றால் இதற்கு வேன் வேண்டாம்.

கிளம்பும் முன்பு குறிஞ்சி ஆண்டவர் கோயில். இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, சைவத்தைத் தழுவி, லீலாவதி ஆன ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி 1936இல் எழுப்பியது. வானம் தெளிவாக இருந்தால் இங்கிருந்து பழனி மலை தெரியும். அன்று வழக்கம்போல் வெள்ளை. நம்மவர் வருத்தப்பட்டார். மாமியார் படவில்லை. "பழனி இந்தப் பக்கந்தானே?" என்று பூக்காரம்மாவிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு, பனியைப் பார்த்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "முருகன் என்னைப் பாத்திருப்பான்ல, போதும்." அங்கேயே அரைக் கிலோ மலைப்பூண்டும் வாங்கினார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை நம்மவர் சொன்னபோது, "அதுக்குத்தான் இந்த விலை சொல்றானா?" என்றார்.

இறங்கும் வழியில் வெள்ளி அருவி. 180 அடி உயரத்திலிருந்து ரோட்டோரமாகவே விழுகிறது. ஏரி நிரம்பி வழியும் நீர்தான் இது. பனி இல்லை, நன்றாகவே தெரிந்தது. ஆனால் பையனின் வாழைப்பழத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடியதால், எல்லாரும் குரங்கைத்தான் பார்த்தார்கள்.

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரர் படங்களைக் காட்டச் சொன்னார். 214 படங்கள். எல்லாவற்றிலும் குடும்பம் ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறது. "இது பில்லர் ராக்ஸ்" என்று நம்மவர் சொன்னதற்கு மனைவி, "இல்ல, அது பசுமைப் பள்ளத்தாக்கு, அங்கதான் நீங்க குல்லா போட்டிருந்தீங்க" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் கடைசிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, ஸ்டுடியோ எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

அந்த மலையில் குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும். போன முறை 2018, அடுத்தது 2030. மாமியார் வேனில் ஜன்னலோர இடத்துக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டார்.