முந்திரிப்பழத் துவர்ப்பும் செந்திராட்சை மதுவும்: ஓர் ஒப்பாய்வு

தமிழில் முந்திரி என்னும் சொல் மூன்று பொருள்களைச் சுமக்கிறது. கொடிமுந்திரி என்றால் திராட்சை. கொட்டைமுந்திரி என்றால் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்து, இன்று பண்ருட்டிக்குப் பெயர் தேடித் தந்திருக்கும் மரம். பழைய கீழ்வாய் இலக்கக் கணக்கில் வெறும் முந்திரி என்றால் 1/320. முதலிரண்டும் ஒரு பெயரைப் பகிர்ந்துகொண்டது தற்செயலாகவும் இருக்கலாம் என்றாலும், அகராதியை விட நாவை நம்பி ஆராய்வோர் அதை அவ்வளவு எளிதில் தள்ளிவிட இயலாது. ஏனெனில் கபர்னே சோவினியோன், மால்பெக் போன்ற கருந்திராட்சைகளைத் தோலோடும் விதையோடும் ஊறவைத்துப் புளிக்கச்செய்த அழுத்தமான செந்நிற மதுவும், திருவதிகையைச் சூழ்ந்த செம்மண் நிலத்தில் கோடைதோறும் உதிரும் முந்திரிப்பழமும் வாய்க்குள் செய்யும் வேலை ஒன்றே.

அவ்வேலையின் பெயர் துவர்ப்பு. மது வல்லுநர்கள் இதை விளக்குவதற்குப் பதனிட்ட தோல், புகையிலை, பென்சில் சீவல் என்று கடையெல்லாம் ஏறி இறங்குகின்றனர். அறுசுவையுள் அதற்கொரு நாற்காலியை என்றோ ஒதுக்கிவிட்ட தமிழருக்கோ வாழைப்பூ, கடுக்காய், நாவற்பழம் என்று மூன்று சொற்கள் போதும். டானின் எனப்படும் துவர்ப்பிகள் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றித் திரளச்செய்வதால் வாயின் வழுவழுப்பு நீங்கி, நாவும் கன்னமும் ஒன்றையொன்று உரசத் தொடங்குகின்றன. ஆகவே துவர்ப்பைச் சுவை என்பதைவிடத் தொடுவுணர்வு என்பதே பொருந்தும் என்று கருதுவோரும் உளர். மண்ணும் காற்றும் கூடியது துவர்ப்பு என்பது சித்த மருத்துவத்தின் கொள்கை. கடலூர் மாவட்டத்தைப் பொறுத்தவரை இதற்குப் புறச்சான்று தேவையில்லை: மரத்தைத் தந்தது செம்மண், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலாக வந்து அம்மரங்களை வேரோடு சாய்த்தது காற்று.

இனித் துணை உணவுகள். அழுத்தமான செந்நிற மதுவுக்குக் கொழுப்புள்ள ஆட்டிறைச்சியே தக்க துணை எனப்படுவதற்குக் காரணம், உமிழ்நீரின் புரதத்தைத் தேடிவரும் துவர்ப்பிக்கு இறைச்சியின் புரதமும் கொழுப்பும் குறுக்கே நின்று ஈடுகொடுப்பதே. மீனோடு அம்மது சேராது. மதுவிலுள்ள இரும்புச் சத்து மீனின் கொழுப்போடு வினைபுரிந்து கவிச்சியை எழுப்பிவிடுவதால், கடலூர்த் துறைமுகத்தின் வஞ்சிரத்தை இவ்வாய்விலிருந்து வருத்தத்துடன் விலக்க வேண்டியுள்ளது. சிதம்பரத்துக் கத்தரிக்காய்க் கொத்சுவையும் விலக்கலாம்: மிளகாயின் எரிவும் துவர்ப்பும் ஒன்றையொன்று தூண்டிவிடும் இயல்பின. அது சம்பா சாதத்தோடு நெடுங்காலமாக இல்லறம் நடத்துவது, அதைக் கலைக்காமலிருப்பதற்கு மற்றொரு காரணம்.

முந்திரிப்பழத்தின் நிலை வேறு. அது பழமே அன்று, பருத்துச் சாறேறிய காம்பு. உண்மையான கனி அதன் அடியில் தொங்கும் கொட்டை என்பது தாவரவியல். இக்கருத்தை எந்தப் பாடநூலையும் புரட்டாமல் ஏற்றுக்கொண்ட வணிகம், கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு, ஆரஞ்சைவிடப் பன்மடங்கு வைட்டமின் சி கொண்ட மிச்சத்தைப் பெரும்பாலும் மரத்தடியிலேயே விட்டுவிடுகிறது. மது ஆண்டுக்கணக்கில் பாதாள அறையில் முதிரும். முந்திரிப்பழமோ பறித்த மறுநாளே அழுகத் தொடங்கும். கோவாவில் அதைக் காய்ச்சி வடித்து ஃபெனி ஆக்குவர். சாற்றாகவே பருக விரும்புவோர் சோற்றுக் கஞ்சியையோ ஜவ்வரிசிக் கஞ்சியையோ கலந்து, துவர்ப்பி அதனோடு சேர்ந்து அடியில் படிந்தபின் தெளிவை இறுத்தெடுப்பர். போர்தோ நகரத்தார் மதுவில் முட்டை வெள்ளைக்கருவை இட்டுத் துவர்ப்பைத் தணிப்பதும் இதே நோக்கில்தான். சட்டையில் பட்டால் கறை போகாது என்பதிலும் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன.

எனினும் கஞ்சிக்கும் காத்திராத மரபொன்று முந்திரித் தோப்புகளில் உண்டு. அது பழத்தை நறுக்கி உப்பைத் தடவி உடனே உண்பது. எவ்வளவு உப்பு என்பதே எஞ்சிய ஆய்வுச் சிக்கல். படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறினும், ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் என்று கொண்டால், அதில் ஒரு முந்திரி, அதாவது 1/320, ஐந்து மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவாக, ஒரு தேக்கரண்டி அளவே வருகிறது. முந்திரிக்கு ஒரு முந்திரி உப்பு என்று விதி வகுத்தால் சொல்லுக்கு அழகாக இருக்கும். ஆனால் அந்த அளவு ஒரு மடிப் பழத்துக்கு உரியது, ஒற்றைப் பழத்தில் இட்டால் வாயில் வைக்க முடியாது.