பத்துக் கோடி விதைகள்

கேள்வி: நவீனக் கலை அருங்காட்சியகங்கள் வரப்போகும் கண்காட்சியை வெகுநாள் முன்பே அறிவிக்கின்றனவே, அதுவரை என்னதான் நடக்கும்?

பதில்: சில சமயம் விதை தயாராகும்!

லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் 2010 அக்டோபரில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் பரப்பியது சுமார் 10 கோடி சூரியகாந்தி விதைகள். அத்தனையும் பீங்கான். சீனாவின் ஜிங்டெஜென் நகரில் ஏறக்குறைய 1,600 பேர், விதை விதையாகத் தூரிகையால் கறுப்புக் கோடு போட்டார்கள். முடிய 2 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. மக்கள் ஆசை ஆசையாய் அதன்மேல் நடந்தார்கள். பீங்கான் தூசி உடம்புக்கு ஆகாதென்று சில நாளிலேயே தடுத்துவிட்டார்கள்.

கண்காட்சிக்குப் படைப்புகளை இரவல் வாங்குவது இன்னொரு பாடு. பிக்காசோவின் 'குவர்னிகா' ஓவியம் சுமார் 7.8 மீட்டர் அகலம். சுருட்டிச் சுருட்டி ஊர் ஊராய்ப் போனதில் துணி நைந்துவிட்டது. யார் கேட்டாலும் அதை வைத்திருக்கும் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகம் தராது. மாட்ரிட்டுக்கு நாம்தான் போக வேண்டும்!