சுமைகூலி முக்கால் பணம்

வந்துட்டியா தம்பி? வா, உக்காரு. முதல்ல பசியாறு. ரொட்டி சானாய் சொல்லிட்டேன், தே தாரிக்கும் வருது. முகம் ஏன் இப்படி வாடிக் கெடக்கு? திருச்சியில ஏறி நாலு மணி நேரத்துல இறங்கினவன் மாதிரியா இருக்கே? நாகப்பட்டணத்துல கப்பல் ஏறி வந்தவன் மாதிரியில்ல இருக்கே!

என்னது, பிளேன்ல களைப்பில்லையா? இறங்கினப்புறம்தான் களைப்பா? டாக்சியா பஸ்ஸான்னு முக்கால் மணி நேரம் பெஞ்சில உக்காந்து யோசிச்சியா? அடப்பாவி. உங்க பாட்டியைப் பொண்ணு பாக்கப் போனப்போகூட நான் அவ்வளவு நேரம் யோசிக்கலியே. யோசிச்சிருக்க வேண்டியது நான்தான்னு அவ இன்னிக்கும் சொல்லுவா, அது வேற கதை.

உன்னைக் குத்தம் சொல்லல. ஊர்லருந்து வர்ற பிள்ளைங்க எல்லாம் இதே கூத்துதான். கையில போனு. அதுல ஒருத்தன் பஸ்ஸுதான் மலிவுன்னு சொல்லியிருப்பான். இன்னொருத்தன் ரயில்ல போகாதவன் மனுசனே இல்லைன்னு சொல்லியிருப்பான். மூணாமத்தவன் டாக்சிக்காரன் கழுத்தை அறுப்பான்னு எழுதியிருப்பான். நீ மூணையும் படிச்சிட்டு நாலாவதா ஒருத்தன் என்ன சொல்றான்னு தேடியிருப்பே. அதுக்குள்ள கண்ணு முன்னாடி ரெண்டு பஸ்ஸு கிளம்பிப் போயிருக்கும். சரிதானே? தலையை ஆட்டுறான் பாரு.

நீ எங்க இறங்கினேன்னு நெனச்சிக்கிட்டிருக்கே? கோலாலம்பூர்லயா? பேருதான் தம்பி கோலாலம்பூர் விமான நிலையம். ஊரு சிப்பாங். ஜன்னல் வழியா எட்டிப் பாத்தியே, கட்டடமா தெரிஞ்சுது? வரிசை வரிசையா செம்பனைதான் தெரிஞ்சிருக்கும். 1998 ஜூன்ல தொறந்தாங்க. அதுக்கு முன்னாடி அந்த மண்ணும் தோட்டக்காடுதான். பழைய ஏர்போர்ட்டு சுபாங்ல இருந்துச்சு, 1965ல கட்டினது. அப்பல்லாம் ஒருத்தன் இந்தியா போறான்னா தோட்டத்து லயமே லோரி ஏறி வழியனுப்ப வரும். உள்ள போறவன் ஒருத்தன், வெளிய அழுவுறவன் நாப்பது பேரு. டாக்சியாம் டாக்சி.

இப்ப சிப்பாங்லருந்து கோலாலம்பூர்ல இருக்குற கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ரயில் பாதை 57 கிலோமீட்டர். புரியலையா? உனக்குப் புரியுற மாதிரியே சொல்றேன். திருச்சியில இறங்கிட்டு தஞ்சாவூர் போற தூரம். ஏன்டா, அங்க சத்திரம் பஸ் ஸ்டாண்டோ மத்திய பஸ் ஸ்டாண்டோ, ஓடுற பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிக்கிற பய நீ. இங்க வந்ததும் தொரை மாதிரி டாக்சிக் காடி கேக்குதா? கடல் தாண்டினா காலு மெலிஞ்சிடுமா?

அதுலயும் டிக்கெட்டு எப்படி எடுத்தே? மூணு மாசத்துக்கு முன்னாடி, ராத்திரி பன்னெண்டு மணிக்கு முழிச்சிருந்து, சலுகை விலையில எடுத்தேன்னு உங்க அம்மா பெருமையா போன்ல சொன்னா. சோறு வேணாம், பெட்டி ஏழு கிலோவுக்கு மேல வேணாம், ஜன்னல் சீட்டும் வேணாம்னு எல்லாத்தையும் வேணாம் வேணாம்னு சொல்லிக் காசு மிச்சம் பிடிச்சவன் நீ. மிச்சம் பிடிச்சதை எல்லாம் சிப்பாங்ல ஒரு காடிக்காரன் மடியில கொட்டப் பாத்தியே. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க?

என் தாத்தா ரஜூலா கப்பல்ல வந்தவரு. இறங்கின இடம் போர்ட் சுவெட்டன்ஹாம். அதான் இப்ப கிள்ளான் துறைமுகம், நாம உக்காந்திருக்குற இந்தக் கிள்ளான்லருந்து கூப்பிடு தூரம். டாக்சியா பஸ்ஸான்னு அவரை யாரும் கேக்கல. கங்காணி தலையை எண்ணினான், ஏறுன்னான், ஏறினாரு. அவ்வளவுதான் யோசனை. கோலாலம்பூர்லருந்து கிள்ளான் பக்கம் 1886லயே ரயில் விட்டுட்டான் வெள்ளைக்காரன். ஆனா அது ஈயத்துக்கு விட்ட ரயிலு. நம்மாளு ஏறினா அதுவும் ஒரு சரக்குதான்.

சரி, கணக்குக்கு வா. பஸ்ஸுக்கு ஒரு ஆளுக்கு 15 வெள்ளி சொச்சம், வெள்ளின்னா ரிங்கிட். ஒரு மணி நேரம் ஓடும், ஜாம்னா கூடக் கொஞ்சம் இழுக்கும். விரைவு ரயிலுக்கு 55 வெள்ளி, 28 நிமிசம். காடிக்கு எழுபதுலருந்து நூறு வரைக்கும், நேரத்தைப் பாத்து, மழையைப் பாத்து, உன் மூஞ்சியைப் பாத்து. டோல் காசு தனி.

ரயில் நல்ல ரயில்தான், நான் இல்லேங்கல. 2002லருந்து ஓடுது. வழுக்கிக்கிட்டுப் போகும், கையில இருக்குற தண்ணி தளும்பாது. ஆனா ஒண்ணு கேக்குறேன். பெஞ்சில நாப்பத்தஞ்சு நிமிசம் யோசிச்சவனுக்கு 28 நிமிச ரயில் எதுக்கு? எந்த மந்திரி உனக்காக மாலையோட நிக்குறாரு? அரை மணி நேரத்துக்கு நாப்பது வெள்ளி. அந்த நாப்பது வெள்ளியில நீயும் நானும் வாழையிலைச் சோறு, ஆட்டுப் பெரட்டலோட சாப்பிட்டு, மிச்சத்துக்கு வெத்தலையும் போடலாம்.

தனி ஆளு, ஒரு பெட்டி, பகல் நேரம், போற எடம் கே.எல். சென்ட்ரலை ஒட்டின பிரிக்பீல்ட்ஸ்னு வையி. பஸ்ஸு. இதுல யோசிக்க என்ன இருக்கு? ஆனா நாளைக்கே உங்க அம்மா, அப்பா, அத்தை, நீன்னு நாலு பேரு வர்றீங்கன்னு வையி. ரயிலுக்கு 220 வெள்ளி. பஸ்ஸுக்கே அறுபது ஆயிடுது. மேல இருபது முப்பது போட்டா காடி வாசலுக்கே வரும். அப்பவும் நீ சிக்கனம் பேசி பஸ்ஸுல ஏத்தினேன்னா உங்க அத்தை மூணு வருசத்துக்குச் சொல்லிக் காட்டுவா. அத்தை வாய்க்கு நஷ்டஈடு எவ்வளவுன்னு எந்தப் போன்லயும் போட்டிருக்காது.

பாதி ராத்திரி பிளேன்னா கதையே வேற. ரயில் படுத்துடும். பன்னெண்டு மணியிலருந்து ஆறு மணி வரைக்கும் டாக்சிக்குப் பாதி கூலி கூட. அந்த நேரத்துல வீம்பு பிடிக்காதே. காடியைப் பிடி, இல்லாட்டி அங்கேயே ஒரு காப்பியை வாங்கிக்கிட்டு விடியுற வரைக்கும் உக்காரு.

வெளிய வர்றப்போ வாசல்ல ஒருத்தன் நிப்பான். "தம்பி, டாக்சி வேணுமா"ன்னு நல்ல தமிழ்ல கேப்பான். நம்ம ஆளாச்சேன்னு உருகிடாதே. நானே உருகினவன்தான். ஒரு தடவை மெட்ராஸ் போயிட்டு வந்தப்போ ஒருத்தன் என்னை வழி நெடுக அண்ணே அண்ணேன்னான். எந்த ஊரு அண்ணே, எத்தனை பிள்ளைங்க அண்ணே, உங்களைப் பாத்தா எங்க மாமா மாதிரி இருக்கு அண்ணே. வீட்டு வாசல்ல இறங்கினப்புறம்தான் தெரிஞ்சுது, அண்ணேக்கு இருபது வெள்ளின்னு மீட்டர் ஓடியிருக்கு. உள்ள கவுண்டர் இருக்கு, கூப்பன் எடு. இல்லேன்னா போன்ல ஆப்பு இருக்கு, அதுல விலையைப் பாத்துட்டு ஏறு. அந்த ஆப்பும் நம்ம ஊர்ல பொறந்ததுதான். 2012ல மைதெக்சின்னு தொடங்கி, அப்புறம் கிராப்னு ஆயி, இப்ப சிங்கப்பூர்ல போய் உக்காந்துக்கிச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு மழை பேயும் பாரு, அப்ப அதுல விலையைப் பாரு. ஆப்புன்னு பேரு வச்சவன் தெரிஞ்சுதான் வச்சிருக்கான்.

போன வருசம் உன் பெரியப்பா மகன் வந்தான். அவன் உன்னைவிடக் கெட்டிக்காரன். பஸ்ஸுலதான் வந்தான். சீலை தொங்குற ஜன்னலு, குளிருக்குத் துண்டைப் போத்திக்கிட்டுத் தூங்கினானாம். கே.எல். சென்ட்ரல்ல கீழ இருட்டுல, டீசல் வாடையில இறக்கி விட்டுட்டான். தங்குற எடம் துன் சம்பந்தன் சாலை. அதாவது அந்தக் கட்டடத்துக்கு முதுகுப்பக்கம். அந்தக் கட்டடமே பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டு மேல கட்டினதுதான். மின்படி ஏறி, பேரங்காடிக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் வெளிய வந்தா பூக்கடை வாசம் அடிக்கும். நம்மாளு என்ன பண்ணினான்? அங்கருந்து காடி கூப்பிட்டான்! அங்க ஒருவழிப் பாதை. காடி ஊரையெல்லாம் சுத்தி, சிக்னல் சிக்னலா நின்னு, இருபது நிமிசம் கழிச்சு அவன் கிளம்பின கட்டடத்துக்கு எதிர்லயே கொண்டாந்து எறக்கியிருக்கு. "தாத்தா, பக்கத்துலயே ஸ்டேஷன் மாதிரி ஒண்ணு தெரியுதே"ன்னு போன்ல கேக்குறான்.

அதோட விட்டானா? ஓட்டல் எங்கன்னு போனைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு நடுரோட்ல நின்னிருக்கான். பிரிக்பீல்ட்ஸ்ல பார்வையில்லாதவங்க சங்கம் இருக்கு, தெரியும்ல? வெள்ளைத் தடியைத் தட்டிக்கிட்டு ஒருத்தர் வந்திருக்காரு. இவன் பொலம்பலைக் கேட்டுட்டு, "எந்த ஓட்டலு? அதுவா? ரெண்டு சந்து தாண்டி, மாவு அரைக்கிற சத்தம் வரும் பாரு, அதுக்கு அடுத்தது"ன்னாராம். இவன் போனு அப்பவும் சுத்திக்கிட்டே இருந்துச்சாம்.

நீ கிள்ளான் வர்றவன், உனக்கு நான் வேற சொல்லியிருக்கணும். சிப்பாங்லருந்து கோலாலம்பூர் போய், அங்கருந்து கொம்யூட்டர் ரயில் பிடிச்சு மறுபடி மேற்கால திரும்பி கிள்ளான் வர்றது, தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற வேலை. கே.எல். சென்ட்ரல்லருந்தே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிடும். காசு கம்மிதான், சில வெள்ளிதான். பொழுதுதான் போயிடும். காடிக்கு ஷா ஆலம் பக்கம் வர்ற எலைட் நெடுஞ்சாலை இருக்கு, கோலாலம்பூர் மண்ணையே மிதிக்க வேணாம். அதனால இங்க வர்றவன் அதே பிளேன்ல கிள்ளான் ஆளு எவனாச்சும் வர்றானான்னு பாப்பான். தெங்கு கிளானா கடைத்தெருவுக்குச் சாமான் கொண்டு வர்ற ஆளு எப்பவும் ஒருத்தன் இருப்பான். மேல பெட்டி, கீழ பெட்டி, நடுவுல புடவை மூட்டைன்னு நிப்பான், பாத்தாலே தெரியும். காடிக் காசுல பாதியைப் போட்டுக்கிட்டு ஒட்டிக்க வேண்டியதுதான். இதைத்தான் நம்ம சனங்க காலங்காலமா பண்ணுது.

நீ எதுல வந்தே, அதைச் சொல்லவே இல்லையே? என்னது... டாக்சியா? கூப்பன் எடுக்காமயா? அண்ணேன்னானா, தம்பின்னானா?

சரி சரி, விடு. ரொட்டி ஆறுது, சாப்பிடு.

நானா? போன மாசம் உங்க பாட்டியை இந்தியாவுக்கு ஏத்தி விடப் போனேனே, எப்படிப் போனேன்னா கேக்குறே? மருமவன் காடி. டோலும் அவன்தான். திரும்பி வர்றப்போ நாசி லெமாக் கட்டி வாங்கிக் குடுத்ததும் அவன்தான். எனக்கு முட்டி வலி தம்பி, பஸ்ஸெல்லாம் ஏற முடியாது.