அண்ணாச்சி எண்டர் தட்டினார்

சாஃப்ட்வேர் கம்பெனி வேலை என்றால் ஏசி அறையில் உட்கார்ந்து கீபோர்டு தட்டுவது என்று என் சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வாய்த்திருப்பது ஊர் ஊராகப் போய்க் கையெழுத்து வாங்கும் உத்தியோகம். யூஏடி என்பார்கள். யூசர் அக்செப்டன்ஸ் டெஸ்டிங். புரோகிராமர் எழுதி, டெஸ்டர் சோதித்த மென்பொருளை, நாளைக்கு அதோடு மல்லுக்கட்டப் போகிறவர் தன் வேலையைச் செய்து பார்த்து, ‘ஆகும்’ என்று சொல்ல வேண்டும். பிறகு கையெழுத்து. கையெழுத்து விழுந்தால்தான் எங்களுக்குக் கடைசித் தவணைப் பணம். எங்கள் மேனேஜருக்கு இதில் பணம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

யூஏடி கல்யாண வீட்டுக் கடைசிப் பந்தி. முதலில் உட்கார்ந்த டிசைனும் கோடிங்கும் ஆளுக்கு ஒரு வாரம் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போய்விடும். திறப்பு நாளைத் தள்ளிப்போடவும் முடியாது. அது முதலாளியின் ஜோசியர் குறித்தது. எனக்கு மிஞ்சுவது ரசமும் மோரும்தான்.

ஜோசியர் இல்லாத ஊரிலும் இதே கதைதான். லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாவது டெர்மினல் 2008 மார்ச் 27 அன்று பயணிகளுக்குத் திறந்தது. கட்டட வேலை இழுத்துக்கொண்டே போனதில் சோதனை நாட்கள் சுருங்கியிருந்தன. முதல் நாளே ஊழியர்களுக்குக் கார் நிறுத்த இடம் தெரியவில்லை. பெட்டிகள் மலையாகக் குவிந்தன. அடுத்த சில நாட்களில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. சோதனைத் தகவல்கள் நிஜ சிஸ்டங்களுக்குப் போய்விடக் கூடாது என்று ஒரு ஃபில்டர் போட்டிருந்தார்கள். திறந்த பிறகு அதை எடுக்க மறந்துபோனார்கள். மற்ற விமான நிறுவனங்களிலிருந்து மாறி வந்த பெட்டிகளைப் பற்றிய நிஜத் தகவலையும் அது கடமை தவறாமல் தடுத்தது. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டு இணையதளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தபோது, முதல் நாளில் வெற்றிகரமாகக் காப்பீட்டில் சேர்ந்து முடித்தவர்கள் 6 பேர். நம் ஊர் ஷேர் ஆட்டோவில் இன்னும் இடம் இருந்திருக்கும்.

பில்லிங் மென்பொருளுக்குக் கையெழுத்து வாங்க நான் போனது மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடை. மாடியில் சின்ன முதலாளி காபி வாங்கிக் கொடுத்து, டிசைனின் நீல நிறத்தைப் புகழ்ந்து, “எங்க கையெழுத்துப் போடணும்?” என்றார். மேனேஜராக இருந்தால் அந்தப் பொன்னான வினாடியை விட்டிருக்க மாட்டார். நான் கேட்டேன்: “சார், பில் போடுறது யாரு?”

கீழே, வத்தல் மூட்டைகளுக்கு நடுவே அண்ணாச்சி. முப்பது வருஷமாக அந்தக் கடைக் கணக்கு அவர் கையில். இடது கை துண்டுச் சீட்டில், வலது கை நம்பர் கட்டைகளில். மவுஸைச் சுவர் ஆணியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். வாடிக்கையாளர் பெயரை அடித்தார், எண்டர் தட்டினார். பில் முடிந்து, மொத்தம் ரூபாய் 0.00 என்று வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ்ஸும் போய்விட்டது.

“என்ன தம்பி, சாமானே போடல. பில்லு போயிருச்சே?”

“அண்ணாச்சி, அடுத்த கட்டத்துக்குப் போக டேப் கீயை அழுத்தணும்.”

பார்த்தால் அந்தக் கீபோர்டில் டேப் கீயே இல்லை. கழன்று விழுந்து வருஷம் ரெண்டாச்சாம், யாரும் தேடவில்லையாம். டேலி என்ற கணக்கு மென்பொருளில் பழகிய கைக்கு எண்டர்தான் வழி. எங்கள் கம்பெனியில் அத்தனை பேர் சோதித்தோமே, ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. எல்லார் கீபோர்டிலும் டேப் இருந்தது.

அடுத்து, வாடிக்கையாளர் பதிவில் சர்நேம். கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம். பெ. முருகேசனுக்கு ஏது சர்நேம்? அண்ணாச்சி தயங்கவில்லை. ஆண்களுக்கெல்லாம் ‘அண்ணாச்சி’ என்றும் பெண்களுக்கெல்லாம் ‘அக்கா’ என்றும் போட்டார். மதியத்துக்குள் மதுரை வியாபாரிகள் மொத்தப் பேரும் இரண்டே குடும்பத்தில் அடங்கிவிட்டார்கள். சென்னைக்குப் போன் போட்டேன். “அது பக் இல்ல, ஸ்பெக்ல அப்படித்தான் இருக்கு. சேஞ்ச் ரெக்வெஸ்ட் போடச் சொல்லுங்க, தனிச் சார்ஜ்” என்றது மறுமுனை. ஸ்பெக்கில் கையெழுத்துப் போட்டது யார் என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். நீல நிறம் பிடித்தவர்தான்.

சாயங்காலம் டெஸ்ட் கேஸ் தாளைத் திருப்பி வாங்கினேன். எல்லாவற்றுக்கும் நேரே ‘பாஸ்’.

“அண்ணாச்சி, பாதிக்கு மேல வேலையே செய்யலையே?”

“மெட்ராஸ்லேர்ந்து பஸ் ஏறி வந்திருக்கீக. ஃபெயிலுன்னு போட மனசு வரல தம்பி.”

நான் படித்த எந்தப் பாடப்புத்தகமும் எச்சரிக்காத ஆபத்து இது. திட்டுகிற யூசர் கிடைப்பது ஒரு கொடுப்பினை. பண்பான யூசர் மூன்று மாதம் கழித்துத்தான் திட்டுவார், அதுவும் நம் மேனேஜரிடம்.

எண்டர் கோளாறு சரியானது. சர்நேம் இன்னும் தனிச் சார்ஜில் நிற்கிறது. திறப்பு மட்டும் நல்ல நேரத்தில் நடந்தது. மறுநாள் எட்டிப் பார்த்தால், அண்ணாச்சி கம்ப்யூட்டரில் பில் போட்டுவிட்டு அதையே பேரேட்டிலும் எழுதிக்கொண்டிருந்தார்.

“ரெண்டுலயுமா எழுதுறீங்க?”

“உங்க மிஷினு சரியாப் போடுதான்னு யாரு பாக்குறது?”

இதைத்தான் எங்கள் கொட்டேஷனில் ‘பேரலல் ரன்’ என்று எழுதித் தனித் தொகை கேட்டிருந்தோம். வீண் செலவு என்று பெரிய முதலாளி பேனாவால் அடித்துவிட்டார். அந்த வாரக் கடைசியில் ஐம்பது காசு உதைத்தது. பேரேடுதான் சரி.