கைப்பேசி லட்சண விசாரம்

பாயிரம்

யானைக்கும் குதிரைக்கும் இரத்தினத்துக்கும் லட்சணம் வகுத்து, மனைக்கு அடிக்கணக்கு எழுதி, அத்தோடும் திருப்தியடையாமல் பல்லி எந்த அங்கத்தில் விழுந்தால் என்ன பலன் என்பதைக்கூடப் பஞ்சாங்கத்தில் பட்டியலிட்டு வைத்த நம் சமூகம், விழித்தது முதல் உறங்கும் வரை உள்ளங்கையை விட்டு அகலாத கைப்பேசிக்கு மட்டும் ஒரு லட்சண நூல் செய்யாமல் விட்டது பெருங்குறை என்று எந்த அறிஞரும் வருந்தியதாகத் தெரியாத நிலையில், அந்த வருத்தத்தையும் அதற்குரிய பரிகாரத்தையும் நாமே மேற்கொள்ள வேண்டியதாயிற்று.

சிறப்புப் பாயிரத்துக்கு எட்டு உறுப்புகள் வேண்டும் என்பது நன்னூலார் விதி. எட்டையும் நிரப்பப் பத்திரிகையில் இடம் போதாதாகையால், கேட்போர், எல்லை, பயன் என்னும் மூன்றை மட்டும் கூறி மேலே செல்வோம்.

கேட்போர் யாவர்? ஊர் ஊராகச் சஞ்சரித்து வியாபாரம் செய்கிற அனைவருமே இந்நூலுக்கு அதிகாரிகள் எனினும், உதாரண புருஷராக மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகிய ‘மெடிக்கல் ரெப்’பை எடுத்துக்கொண்டிருக்கிறோம். விற்பனைப் பிரதிநிதிகளின் வேலை நிபந்தனைகளுக்கென்று பாராளுமன்றம் 1976-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், முதற்கண் மருந்துத் தொழிலுக்கே பொருந்துவதாக அமைந்ததால், இந்தத் தேர்வுக்கு ராஜாங்கத்தின் பிரமாணமும் கிட்டிவிடுகிறது. எல்லை என்பது அவருடைய சுற்றுவட்டாரம்: திருநெல்வேலி அவருக்கு ஹெட்குவார்ட்டர்ஸ், போய் அன்றே திரும்பும் தென்காசி, அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில் ஆகியவை எக்ஸ்-ஸ்டேஷன், லாட்ஜில் ராத் தங்கும் நாகர்கோவில் அவுட்-ஸ்டேஷன். படி வேறுபடுவது இந்தப் பாகுபாட்டைக் கொண்டே ஆதலால், இதன் சாஸ்திரீயத்தில் எந்தப் பிரதிநிதியும் சந்தேகம் கொள்வதில்லை. பயன் யாதெனில், மாதக் கடைசியில் ‘க்ளோசிங்’ நாளன்று மாலை ஐந்து மணிக்குக் கைப்பேசி உயிரோடிருத்தல்.

பூர்வ சரித்திரம்

1973 ஏப்ரல் 3-ஆம் தேதி, நியூயார்க் நகரத்துத் தெரு ஒன்றில் நின்றுகொண்டு, மோட்டரோலா கம்பெனியைச் சேர்ந்த மார்ட்டின் கூப்பர் என்பவர் கையடக்கத் தொலைபேசியில் உலகின் முதல் அழைப்பை விடுத்தார். விடுத்தது தாய்க்கோ மனைவிக்கோ அல்ல, போட்டிக் கம்பெனியில் அதே காரியத்துக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்த ஜோயல் எங்கல் என்பவருக்கு. முதல் அழைப்பே எதிர்க் கம்பெனிக்காரரின் வயிற்றெரிச்சலை உத்தேசித்துச் செய்யப்பட்டது என்பதிலிருந்து, இந்தக் கருவி பிறவியிலேயே விற்பனைத் துறையைச் சார்ந்தது என்பது நிரூபணமாகிறது. பத்தாண்டுகள் கழித்து, 1983-இல், டைனாடாக் என்ற பெயரோடு அது அங்கீகாரம் பெற்றபோது, விலை 3,995 டாலர். எடை ஏறக்குறைய 800 கிராம். பத்து மணி நேரம் மின்னேற்றினால் அரை மணி நேரம் பேசலாம். பேச்சுக்கும் மௌனத்துக்கும் இருபதில் ஒன்று என்று இயற்கையாகவே விதிக்கப்பட்டிருந்த அந்த விகிதத்தை விஞ்ஞானம் ஏன் மாற்றியது என்பது, தொடர்ந்து பேசும் மேலதிகாரிகளின் கீழ் வேலை பார்ப்பவர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி.

நம் தேசத்தில் 1995 ஜூலை 31-ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு டில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசியதே முதல் கைப்பேசி அழைப்பு. அப்புறம் சில ஆண்டுகள் வரை, பிறர் நம்மை அழைத்தால் அதற்கும் நாமே காசு கொடுக்கும் விசித்திரம் நிலவியது; அக்காலத்துப் பிரதிநிதிகள் ‘மிஸ்டு கால்’ என்னும் காசில்லாத சங்கேதத்தில் பெற்ற தேர்ச்சியை இக்காலத்தவர் கனவிலும் எட்டார். 2003-இல் நோக்கியா 1100 வந்தது. தூசி புகாத விசைப்பலகையும் உச்சியில் ஒரு டார்ச் விளக்கும் கொண்ட அந்தக் கருவியை உருவாக்கியவர்கள், அது இருட்டான சந்திலும் புழுதியான சாலையிலும் புழங்கப்போகிறது என்பதை முன்கூட்டியே சிந்தித்திருந்தார்கள். இடத்தையும் வேளையையும் நினைத்துச் செய்த பொருள் என்ற முறையில் அதனை நமது சாஸ்திரத்தின் ஆதி கிரந்தம் என்றே கொள்ளலாம். உத்தியோக கௌரவத்தின் சின்னமாக விளங்கிய பிளாக்பெர்ரியோ, 2022 ஜனவரி 4-ஆம் தேதி தன் பழைய கருவிகளுக்கான சேவைகளை நிறுத்திக்கொண்டு சரித்திரத்தில் கலந்துவிட்டது.

பூர்வபட்சம்

சித்தாந்தத்தை நிறுவுமுன் பிறர் மதங்களைக் கூறி மறுத்தல் தர்க்க மரபு. கைப்பேசி விஷயத்தில் இன்று வழங்கும் மதங்கள் பிரதானமாக மூன்று: எண்வாதம், காமிராவாதம், மைத்துனவாதம்.

எண்வாதிகள், பெட்டியின் மேல் அச்சிட்ட எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு உத்தமம் என்று அனுமானப் பிரமாணத்தால் சாதிப்பவர்கள். பேட்டரி 5,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 4,000-ஐக் காட்டிலும் மேல் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் லித்தியம்-அயான் பேட்டரி ஏறக்குறைய ஐந்நூறு முழு மின்னேற்றங்களுக்குப் பிறகு தன் ஆதி சக்தியில் எண்பது சதவீதமாகக் குறைவது சகஜம். தினம் ஒரு தடவை மின்னேற்றுகிறவருடைய ஐயாயிரம், ஒன்றரை வருஷத்துக்குள் நாலாயிரமாகிவிடும். கடன் தவணையோ இரண்டாவது வருஷத்திலும் குறையாமல் நிற்கும். ஆகவே எண்ணைப் படிக்கிறவர் அதனோடு காலத்தையும் சேர்த்துப் படிக்கக் கடவர்.

காமிராவாதிகளின் நிலை இதனினும் பரிதாபமானது. நூற்றெட்டு மெகாபிக்சல் என்று விளம்பரத்தில் கண்டு, நூற்றெட்டு என்ற எண்ணின் தெய்வீகத்தாலும் கவரப்பட்டு வாங்குகிறார்கள். அந்தக் கருவியோ சாதாரணமாக ஒன்பது பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்துப் பன்னிரண்டு மெகாபிக்சல் படத்தையே தருகிறது. அது நல்ல படம்தான், ஆட்சேபமில்லை. ஆனால் நமது உதாரண புருஷர் எதைப் படம் பிடிக்கிறார்? ஸ்டாக்கிஸ்ட் கடையில், டியூப்லைட் பாதி எரிந்தும் எரியாமலும் இருக்கும் மூலையில், கம்ப்யூட்டர்ப் பையன் டாட்-மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கிழித்துக் கொடுத்த ஸ்டேட்மெண்டையும், அட்டைப் பெட்டியில் கிடக்கும் காலாவதிச் சரக்கின் பேட்ச் நம்பரையும் படம் பிடிக்கிறார். எழுத்து தெளிவாக விழுந்தால் போதும். அதற்கு மங்கிய ஒளியில் கிட்டத்தில் நிற்கும் பொருளைப் பிடிக்கும் திறன் வேண்டுமேயன்றிச் சந்திரனைப் பிடிக்கும் திறன் வேண்டா.

மைத்துனவாதம் சப்தப் பிரமாணத்தை ஆதாரமாகக் கொண்டது. “மாப்பிள்ளை, கண்ணை மூடிக்கிட்டு இதை வாங்குங்க” என்று மைத்துனர் சொன்ன ஒரே வாக்கியம் இம்மதத்தாருக்கு வேதம். பொருளின் உண்மையை உள்ளபடி அறிந்தவனும், அறிந்ததை உள்ளபடி உரைப்பவனுமே ஆப்தன் என்பது நியாய சாஸ்திரத்தின் இலக்கணம். மைத்துனர் அதே கருவியைத் தாம் ஆறு மாதம் உபயோகித்து, இப்போது வேறொன்று வாங்கும் பொருட்டு இதனைக் கழிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார் என்ற சூட்சுமம் வெளிப்படுமிடத்து, அவருடைய ஆப்தத்துவம் நிலைகுலைகிறது. குடும்ப சமாதானத்தை முன்னிட்டு இக்கண்டனத்தை இவ்வளவில் நிறுத்துகிறோம்.

சித்தாந்தம்

இம்மூன்று மதங்களுக்கும் பொதுவான குற்றம் ஒன்றுண்டு. குளிரூட்டிய கடைக்குள், நாற்காலியில் அமர்ந்து, இலவசமாகக் கொடுத்த தேநீரைப் பருகிக்கொண்டு, மிகச் சௌகரியமான வேளையில் அவை கருவியைப் பரீட்சிக்கின்றன. ஆனால் பிரதிநிதியோ அதனை மிக அசௌகரியமான வேளைகளிலேயே உபயோகிக்கிறார். ஒரு பிரயாணியின் கைப்பேசி அதன் நல்ல நேரத்தைக் கொண்டு அளக்கப்படலாகாது, கெட்ட நேரத்தைக் கொண்டே அளக்கப்பட வேண்டும் என்பது நம் சித்தாந்தம். அதனைக் காலதேசங்களில் வைத்து விளக்குவோம்.

முதலாவது, உச்சிப்பொழுது. கடைக்குள் ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருந்தாலே அது பிரகாசமான கடை. நேர் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸை எட்டக்கூடியது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் பகல் ஒன்றரை மணிக்கு, ஒரு கையில் தோல் பையும் மறு கையில் கைப்பேசியுமாக நின்று, டாக்டர் வரச் சொன்ன நேரத்தை வாட்ஸ்அப்பில் தேடும் பிரதிநிதிக்குத் திரையில் தெரிவது அவருடைய சொந்த முகமே. வெளிச்சத்தைக் கூட்டலாமென்றாலோ, கருவி சூடேறிவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே திரையை மங்கச் செய்யும், மின்னேற்றத்தையும் நிறுத்தும். முப்பத்தைந்து டிகிரி வரையுள்ள சூழலுக்கே தன் கருவி ஏற்றது என்று ஆப்பிள் கம்பெனி எழுதி வைத்திருக்கிறது. நம் சித்திரை மாதம் அந்த எழுத்தைப் படித்ததில்லை. ஆகையால் வெயிலில் படிக்க முடியும் திரையே முதல் லட்சணம்.

இரண்டாவது, மோட்டார் சைக்கிள். ஹாண்டில்பாரில் கருவியைப் பூட்டி வழி பார்த்துச் செல்வது இக்கால வழக்கம். பெரிய எஞ்சின்களின் அதிர்வு காமிராவின் உள்ளுறுப்புகளைக் கெடுக்கலாம் என்று மேற்படி கம்பெனியே 2021-இல் எச்சரித்திருக்கிறது. சட்டைப் பையில் போட்டாலோ புழுதி. சாவியும் சில்லறையும் திரையைக் கீறும் என்று அஞ்சுவார் பலர்; அவை கண்ணாடியைவிட மென்மையானவை. மணலிலுள்ள குவார்ட்ஸ் துகளோ மோஸ் அளவையில் ஏழு. கைப்பேசிக் கண்ணாடி ஆறு அளவிலேயே கீறல் காணத் தொடங்கும். பையில் புகுந்த நாலு மணல் துகள், பை நிறையக் கிடக்கும் நாணயத்தைக் காட்டிலும் கொடிது.

மூன்றாவது, சாரல். ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் வேலை செய்கிறவர், திரையில் விழும் ஒவ்வொரு துளியும் ஒரு விரலாக மாறித் தன்னிஷ்டப்படி யாரையேனும் அழைத்துவிடுவதைக் காண்பார். மின்னேற்பு மாற்றத்தைக் கொண்டு தொடுகையை உணரும் திரைக்கு நீருக்கும் விரலுக்கும் பேதம் துலங்குவதில்லை. ஐ.பி. 67 என்ற முத்திரை, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கருவி பிழைத்திருக்கும் என்பதற்குச் சாட்சியே தவிர, நனைந்த திரையில் ஆர்டர் எழுத முடியும் என்பதற்குச் சாட்சியன்று.

நான்காவது, இரவு ரயில். சென்னைக்கு ‘மீட்டிங்’ செல்லும் பிரதிநிதி, தீ விபத்தைத் தவிர்க்கும் பொருட்டு இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ரயில்வே சார்ஜிங் பிளக்குகளின் மின்சாரத்தை நிறுத்திவிடும் என்பதை அறியாமல் கம்பியைச் செருகிவிட்டு உறங்கினால், விடியும்போது தாம்பரத்தில் விழிப்பது அவர் மட்டுமே. விரைவாக மின்னேறும் தன்மை ஆடம்பரமன்று என்பது இதனால் பெறப்பட்டது.

ஐந்தாவது, இரண்டு சிம். கம்பெனி எண் ஒன்று, சொந்த எண் ஒன்று. சில கருவிகளில் இரண்டாம் சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே இருக்கையைக் கொடுத்து, ‘நீயா நானா’ என்று சண்டை மூட்டி விட்டிருப்பார்கள். வாங்குமுன் அந்தத் தட்டை இழுத்துப் பார்த்துக்கொள்வது விவேகம்.

ஆட்சேபமும் சமாதானமும்

இத்தனை லட்சணங்களும் பொருந்திய, எங்கும் சிக்னல் கிடைக்கிற, எப்போதும் உயிரோடிருக்கிற கருவி ஒன்று கிடைத்தால் பிரதிநிதிக்கு அது க்ஷேமமா என்று ஓர் ஆட்சேபம் எழும். டாக்டரைப் பார்த்த செய்தியை அந்தந்த இடத்திலேயே நின்று செயலியில் பதிய வேண்டும், பதியும்போது இருப்பிடமும் சேர்ந்து பதிவாகும் என்று கம்பெனிகள் பல விதித்திருக்கும் இக்காலத்தில், கருவி அவருக்குக் கரணமாக இருப்பதோடு காவலாளியாகவும் இருக்கிறது.

“எங்கப்பா இருக்கே?”

“தென்காசியில, சார். டாக்டர் வெயிட்டிங்ல.”

“லொக்கேஷன் அம்பாசமுத்திரம்னு காட்டுதே?”

“சிக்னல் சரியில்ல, சார்.”

ஆயிரம் சம்பாஷணைகளில் பிரதிநிதிகளைக் காத்தருளிய இந்தக் கடைசி வாக்கியம், கருவி மேம்பட மேம்படச் செல்லாக் காசாகி வருகிறது. ஆயினும் அதன் பொருட்டு மட்டமான கருவியை வாங்குவது கூடாது. ஏனெனில் கலெக்‌ஷனுக்குப் பிரதிநிதி அழைக்கும்போது அணைந்து கிடப்பது எப்போதும் கடைக்காரருடைய கைப்பேசியே, க்ளோசிங் அன்று எடுத்தாக வேண்டியது எப்போதும் பிரதிநிதியுடைய கைப்பேசியே என்பது வியாபார லோகத்தின் நியதி. எப்போதும் விழித்திருக்கும் கருவி வேளை கெட்டும் ஒலிக்குமாதலால், ஓசையை ஒரே தட்டில் அடக்கும் தனி விசையும் அதற்கு அமையுமானால், டாக்டர் அறைக்குள் சினிமாப் பாட்டு ஒலித்து மூன்று மாத உழைப்பு வீணாகாமல் தப்பலாம். அதுவே சமாதானம்.

பிரயோகம்

எனவே, வாசகரே, கைப்பேசி வாங்கக் கடைக்குச் செல்வதானால் பகல் இரண்டு மணிக்குச் செல்லுங்கள். மாதிரிக் கருவியைக் கையில் வாங்கிக்கொண்டு, கடைக்காரப் பையனையும் உடன் அழைத்துக்கொண்டு, வாசலுக்கு வெளியே வெயிலில் நின்று ஒரு பில்லைத் திரையில் படித்துப் பாருங்கள். பஸ்ஸின் ஹாரன் ஒலிக்கும்போது வீட்டுக்கு ஓர் அழைப்புப் போட்டு, நீங்கள் சொன்னது அவர்களுக்கும் அவர்கள் சொன்னது உங்களுக்கும் கேட்கிறதா என்று பாருங்கள். விரலை நனைத்து ஓர் எண்ணை அழுத்துங்கள். பையில் போட்டுக்கொண்டு ஒரு முறை உட்கார்ந்து எழுந்திருங்கள். இந்த நான்கிலும் தேறிய கருவிகளுள் விலை குறைந்ததை வாங்குங்கள். மாதிரியை வெளியே கொண்டுபோகக் கூடாதென்று கடைக்காரர் தடுத்தால், வாதாட வேண்டாம். அடுத்த கடைக்குப் போங்கள்.