அருவிக்கு நிருபர் உண்டு

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்தால் போதும், கேமரா வந்துவிடும். 1992-இல் 'ரோஜா' படம் எடுத்த ஊர் என்ற வரியை மறக்காமல் சேர்த்துவிடுவார்கள். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் அருவி 'ஆர்ப்பரித்துக் கொட்டும்'. ஆக, தண்ணீருக்கும் பத்திரிகையில் குரல் உண்டு.

அதே மலைத்தொடரில் வாழும் பளியர் பழங்குடியினருக்கு? தேர்தலன்று விரல் மையோடு ஒரு படம். நடுவில் யானை, தேன், காட்டுத்தீ என்று எது வந்தாலும் பேசுபவர் வனத்துறை அதிகாரி. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமா? உரிமை வாங்குபவர் படத்தில் நிற்பார். பேட்டி கொடுப்பவர் ஆட்சியர்.

கனடாவில் இதற்கு வகுப்பறையில் மருந்து தேடினார்கள்: உண்மை, நல்லிணக்க ஆணையம் 2015-இல் தந்த 94 பரிந்துரைகளில் 86ஆவது, இதழியல் மாணவர் அனைவருக்கும் பழங்குடி வரலாற்றைக் கட்டாயமாக்கச் சொன்னது. நம் வகுப்பறையிலும் 'யார், என்ன, எங்கே' எல்லாம் உண்டுதான். 'யார்' என்பதற்கு விடையாகத்தான் பதவிப்பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சத்தீஸ்கரில் 2010-இல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா என்ற கைப்பேசிச் செய்திச் சேவை, 'யார்' என்று தேடும் சிரமமெல்லாம் படவில்லை. கோண்டி பேசுவோர் கைப்பேசியில் தாங்களே செய்தி சொன்னார்கள்: அடிகுழாய் பழுது, கூலி பாக்கி. கூடவே பொறுப்பான அதிகாரியின் எண்ணையும் சொல்லிவிடுவார்கள், கேட்பவர்கள் கூப்பிட்டு விசாரிக்கட்டும் என்று.