ஸ்கோப் என்ன, அத்திம்பேர்?

அபிராமபுரத்தில் "பெண் என்ன படிக்கிறாள்?" என்று யாரும் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை. பி.டெக்., சி.ஏ., எம்.பி.பி.எஸ். என்று மனசுக்குள் மூன்று அறை கட்டி வைத்திருக்கிறார்கள். நம் பெண்ணை எந்த அறையில் தள்ளுவது என்பதுதான் அவர்கள் கவலை. நான் "பி.எஃப்.ஏ., ஓவியம்" என்றேன். எதிர்வீட்டு மாமாவுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. "பி.பி.ஏ.வா? பேஷ்! அப்புறம் எம்.பி.ஏ. பண்ணிடலாம்" என்று ஆசீர்வாதமே பண்ணிவிட்டார். மறுத்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தத் தெருவில் என் பெண் இன்றைக்கும் பி.பி.ஏ.தான்.

மச்சினரிடம் அப்படித் தப்ப முடியாது. அவர் வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எதைப் பார்த்தாலும் தவணை ஒழுங்காகத் திரும்பி வருமா என்றுதான் யோசிப்பார். "பெயின்டிங்கா? ஹாபியா வெச்சுக்கட்டுமே, யார் வேண்டாம்னா? நாலு வருஷம் படிச்சா ஸ்கோப் என்ன, அத்திம்பேர்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. காபி ஆறுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். அன்று முதல் பெண் ஓவியம் படிக்க, நான் அவளுடைய கல்லூரியின் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்தேன். மச்சினரை மடக்குவதற்குத்தான், கலை ஆர்வம் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம்.

மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறிப் பூங்கா நகரில் இறங்கி நடந்தால், ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இருக்கிறது அரசு கவின் கலைக் கல்லூரி. 1850-ல் அதைத் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். இரண்டு வருஷத்தில் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. இது எனக்குப் பெரிய ஆயுதமாகப் பட்டது. "ஏன், டாக்டருக்குப் படிக்க வெச்சிருக்கலாமே?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "டாக்டர் ஆரம்பிச்ச காலேஜ்தான்" என்று சொல்லிப் பார்த்தேன். ஓரிருவர் மரியாதையாகத் தலையாட்டினார்கள். மச்சினர், "அந்த டாக்டருக்கு பிராக்டீஸ் சரியா ஓடலியோ என்னமோ" என்றார்.

அடுத்து அலுமினியத்தை எடுத்தேன். 1898-ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் இந்தக் கலைப் பள்ளியில்தான் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். அது வளர்ந்து, 1900-ல் சென்னையில் ஒரு கம்பெனியாகவே ஆனது. "உங்காத்துப் பரண்ல இருக்கே அலுமினிய அண்டா, அதோட பூர்வீகம் என் பொண்ணு படிக்கிற காலேஜ்!" என்று வெற்றிப் பெருமிதத்தோடு சொன்னேன். "அலுமினியம் உடம்புக்கு ஆகாதுன்னு அதை எப்பவோ எடைக்குப் போட்டாச்சு" என்றாள் மச்சினர் மனைவி.

கே.சி.எஸ். பணிக்கரை எடுத்தது இன்னும் மோசமாகப் போயிற்று. தந்தி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர், 1936-ல் இதே பள்ளியில் ஓவியம் படிக்கச் சேர்ந்தார் என்று சொன்னதுதான் தாமதம், மச்சினர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "தந்தி ஆபீஸ் வேலையை விட்டுட்டா? பென்ஷன் வருமே!" பணிக்கர் 1957-ல் அங்கேயே முதல்வர் ஆனார் என்று முதலுதவி கொடுத்தேன். கொஞ்சம் தேறினார். 1966-ல் அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து, பாட்டிக் துணி மாதிரியான கைவினைப் பொருள்களை விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள் என்றேன். மச்சினர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஈ.சி.ஆர்.லயா? அறுபத்தாறுலயா? கடலைப் பார்த்தா?" அவர் கண்ணில் அப்படியொரு ஒளியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஓவியத்துக்கும் ஸ்கோப் உண்டு என்பதை அவர் ஒப்புக்கொண்ட முதல் தருணம் அதுதான். இப்போதைய கிரவுண்டு விலையை அவரே மனக்கணக்காகப் போட்டுப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

இத்தனை ஆராய்ச்சியையும் என் மனைவி ஒரே வாக்கியத்தில் தூக்கிச் சாப்பிட்டாள். "நடிகர் சிவகுமார் படிச்ச காலேஜ், தெரியுமோ?" என்றாள். சினிமாவுக்கு வருமுன் சிவகுமார் அங்கே ஓவியம் படித்தவர் என்பது நிஜம். "யாரு, சூர்யாவோட அப்பாவா!" என்று மச்சினர் குடும்பமே எழுந்து நின்றது. ஹண்டரும் சாட்டர்டனும் பணிக்கரும் சேர்ந்து தூக்க முடியாத பாறையை சூர்யாவின் அப்பா தனியாகத் தூக்கிப் போட்டுவிட்டார்.

உறவினர் பிரச்சினை இப்படி ஓய்ந்தது. வீட்டுப் பிரச்சினை ஓயவில்லை.

அரசுக் கல்லூரி, ஃபீஸ் குறைவு என்று மகிழ்ந்திருந்தேன். என்னை வண்ணக் குழாய்கள் கவனித்துக்கொண்டன. அதற்கு மேல் பிரஷ், கேன்வாஸ், பிரைமர், லின்ஸீட் ஆயில். டர்பன்டைன் வாசனை வந்த பிறகு எங்கள் வீட்டு சாம்பாருக்குப் பெருங்காயம் போட்டிருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும். பென்சிலை ஷார்ப்பனரில் சீவினால் பாவமாம். பிளேடால் நீளமாகச் சீவ வேண்டுமாம். அந்தச் சீவல் எல்லாம் நான் உட்காரும் நாற்காலியில்தான் சேரும். கரிக்கோட்டை அழிக்க ரொட்டி வேண்டும் என்று ஒரு பாக்கெட் போய்விட்டது. "அழிக்கிறதுக்கு ரொட்டி, சாப்பிடறதுக்கு நேத்து மிஞ்சின உப்புமாவா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை, உப்புமா வந்தது.

ஸ்டில் லைஃப் பாடம் வந்தபோது சமையலறைக்கும் ஓவியத்துக்கும் எல்லைத் தகராறு மூண்டது. பித்தளைச் சொம்பு, ஈரிழைத் துண்டு, நாலு கத்திரிக்காய் ஆகியவற்றை மேஜையில் அடுக்கி, ஜன்னலில் பாதியைப் போர்வையால் மூடி, "யாரும் தொடக் கூடாது" என்று உத்தரவு. தொடவில்லை. கத்திரிக்காய் தானாகவே சுருங்கியது. படம் முடிவதற்குள் அது ஊதாவிலிருந்து பழுப்புக்குப் போய்விட்டது. "கலர் இன்னும் நன்னா வந்திருக்குப்பா" என்றாள் பெண். அன்று எண்ணெய்க் கத்திரிக்காய் கறிக்கு ஏங்கியிருந்த என் அம்மாவின் அபிப்பிராயத்தை இங்கே அச்சிட முடியாது.

பிறகு மனித உருவம் வரைய வேண்டும் என்றாள். ஆள் வேண்டும், அசையாமல் இருக்க வேண்டும், வேறு வேலை இருக்கக் கூடாது. மூன்று தகுதியும் உள்ளவர் வீட்டில் ஒருவர்தான் என்று என் மனைவி உடனே சுட்டிக்காட்டினாள்.

உட்கார்ந்தேன். பெண் பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரலை மேலும் கீழும் நகர்த்தி என்னை அளந்தாள். ஜவுளிக்கடையில்கூட என்னை இவ்வளவு கவனமாக யாரும் அளந்தது கிடையாது. மனித உடம்பு சுமாராக ஏழரைத் தலை உயரம் என்று கணக்காம். "நீ ஆறே சொச்சம்தான்பா" என்றாள். மிச்சம் எங்கே போயிற்று என்று கேட்டேன். பதில் சொல்லாமல் என் இடுப்பைப் பார்த்தாள். ஆனால் ஒரு ஆறுதல்: தொப்பைக்குக் கீழே விழும் நிழல் ரொம்ப நன்றாக இருக்கிறதாம். டாக்டர் குறைக்கச் சொல்லி வரும் ஒன்றை, சப்மிஷன் முடியும்வரை குறைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். டாக்டர் பேச்சை மீற எனக்கு முதல்முறையாக ஒரு கல்விக் காரணம் கிடைத்தது.

முதுகு வலிக்கிறது என்று முனகியபோது அவள் மெரினாவைக் காட்டினாள். 1959-ல் அங்கே நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையை வடித்தவர் இந்தப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பள்ளியின் இரவுக் காவலாளி ஒருவரே அதற்கு மாடலாக நின்றார் என்று சொல்வார்கள். பாறையை நெம்புகிற பாவனையில் அந்த மனிதர் எத்தனை நாள் நின்றாரோ! நான் குஷன் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு புலம்புவது எனக்கே அதிகப்படியாகத் தோன்றியது. புலம்பலைக் குறைத்துக்கொண்டு தூங்க ஆரம்பித்தேன்.

சும்மா இருக்காமல் நானும் ஒருநாள் நாற்காலி வரைந்தேன். நாற்காலியை வரையாதே, கால்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளிகளை வரை, நாற்காலி தானாக வந்துவிடும் என்று பெண் சொல்லிக் கொடுத்தாள். இடைவெளிகளை ஒழுங்காகத்தான் வரைந்தேன். அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "கன்னுக்குட்டி நன்னா இருக்குடா. ஏன் இப்படி இளைச்சுப் போச்சு?" என்றாள். ஓவியம் என்பது கை வேலை இல்லை, நாலு வருஷம் உட்கார்ந்து கண்ணைப் பழக்குகிற வேலை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என்னிடம் இருப்பது கேடராக்ட்டை எதிர்பார்க்கும் கண்.

இதனால் பெற்றோர்களுக்குச் சொல்லிக்கொள்வது என்னவென்றால்: பிள்ளை ஓவியம் படிக்க வேண்டும் என்றால் படிக்கட்டும். "ஸ்கோப் என்ன?" என்று கேட்பவர் நிலம் வாங்குகிறவராக இருந்தால் சோழமண்டலத்தைச் சொல்லுங்கள், மற்றவர்களுக்கு சிவகுமார் போதும். பழைய பித்தளைச் சொம்பை எடைக்குப் போடுமுன் அக்கம்பக்கத்தில் ஓவிய மாணவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் பெரியவர்களும் தாராளமாக மாடலாக உட்காரலாம். சம்பளம் கிடையாது, காபி உண்டு. தூங்கினாலும் பாதகமில்லை, தலை மட்டும் சாயக் கூடாது.